காலுள்ள பேய்

என் கணவர் போன பிறகு மகள் அழவே இல்லை. அலோன் துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். பதினாறாம் நாள் படையலில் அவருக்குப் பிடித்த பர்மிய மீன் நூடுல்ஸான மொஹிங்காவை அவள்தான் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். மறுநாளே ஷ்வேப்யிதா தையல் ஃபேக்டரிக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். "மக தைரியசாலி" என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். அவள் அப்பா செல்லம். அழாத பிள்ளையை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, கியாக்டடாவுல ஒரு காப்பிக் கடையில ஹாலோவீனுக்குப் பேய் பொம்மை செய்ய ஆளு தேடுறாங்க. நீ செய்வேல்ல?"

"எழவு விழுந்த வீட்டுல பேய் செய்யச் சொல்றியா?" என்று கத்தினேன். கையிலிருந்த சட்டியையும் ஓங்கி வைத்தேன். ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலை என்று சீக்கிரமே வேலையில் இறங்கிவிட்டேன்.

ஃபேக்டரியில் வீசும் வெட்டுத்துணியை மகள் பைபையாகக் கொண்டுவந்தாள். துறைமுக வாசலில் கிழிந்த சாக்கு கிடைத்தது. மழைக்காற்றில் முறிந்துபோன குடைகளின் கம்பிகள் விரல்களாயின. கோயிலில் உடைத்த தேங்காய்களின் சிரட்டையைத் தலையாக வைத்தேன். இரண்டு கண்ணும் ஒரு வாயும் அதிலேயே இருந்தன, எனக்கு வேலை மிச்சம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டாள். கடை, துணி, நூல் என்று எல்லாம் பேசினாள், அப்பாவைத் தவிர. எந்தப் பொம்மைக்கும் கால் வைக்கவில்லை. நம்முடைய பேய்களுக்குத்தான் கால் கிடையாதே.

கடைசிப் பொம்மைக்குத் துணி போதவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் அவருடைய மழைக்கோட்டு தொங்கியது. அதன் கீழே ரப்பர் பூட்ஸ். வாசலில் அந்தப் பூட்ஸ் கிடந்தால் மனிதர் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். பதினாறாம் நாளே எல்லாவற்றையும் கொடுத்துவிடச் சொன்னவர்களிடம் சண்டை போட்டு இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். இப்போது நானே கோட்டை எடுத்துக் கம்பியில் மாட்டினேன். கம்பி சரியாக வளையாமல் வலது தோள் சரிந்தது. மூட்டை சுமந்து சுமந்து அவருக்கும் அப்படித்தான் இருக்கும். அடியில் பூட்ஸையும் வைத்துக் கட்டிவிட்டேன்.

மகள் பார்த்தாள். "பேய்க்குக் கால் இருக்காதும்மா."

"இதுக்கு இருக்கும்."

அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

மற்றதையெல்லாம் சாக்கில் கட்டி, இவரை மட்டும் அணைத்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். "இவருக்கும் டிக்கெட் உண்டு, ஆன்ட்டி" என்று கண்டக்டர் பர்மிய மொழியில் கிண்டலடித்தான். சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு கோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

காப்பிக் கடை நடத்துகிறவள் சின்னப் பெண். ஒவ்வொரு பொம்மையையும் கைதட்டி ரசித்தாள். மழைக்கோட்டிடம் வந்ததும், "ஆன்ட்டி, கால் மட்டும் வேண்டாம். மேல தொங்கி ஆடினாத்தான் பயமா இருக்கும்" என்றாள், அவளும் பர்மிய மொழியில்தான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கு என்ன தெரியும், பாவம். வேறு யாரையும் தொட விடாமல், இடுக்கி வாங்கி, பூட்ஸைக் கட்டியிருந்த கம்பியை நானே வெட்டினேன். கோட்டு மேலே போய் மின்விசிறிக் காற்றில் ஆடியது. அங்கே ஆடுவது பேய்தான், அவர் இல்லை. அதனால்தான் என்னால் அதை விட்டுவிட்டு வர முடிந்தது.

திரும்பும்போது நல்ல மழை. கையில் பிடித்து வந்த பூட்ஸ் சொட்டச்சொட்ட நனைந்துவிட்டது. தண்ணீர் வடியட்டும் என்று வாசலில் செருப்புகளோடு வைத்துவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

சாயங்காலம் மகள் வந்தாள். படியில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அங்கிருந்தபடியே, முன்பெல்லாம் கேட்பதைப் போலவே கேட்டாள்.

"அப்பா அதுக்குள்ள வந்துட்டாங்களாம்மா?"

நான் கரண்டியோடு வெளியே ஓடினேன். ஈரப் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓவென்று அழ ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அழட்டும் என்று கை காட்டிவிட்டு நானும் அவளோடு படியில் உட்கார்ந்தேன்.