மொட்டைத் தலைக்கு அளவு

என் ஓரகத்தி வெங்கடலட்சுமியைப் பற்றி, ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரியில் யாரைக் கேட்டாலும் உழைப்பாளி, கெட்டிக்காரி, தங்கமானவள் என்றுதான் சொல்வார்கள். சொல்கிறவர்கள் யாரும் அவளோடு ஒரே வீட்டில் குடித்தனம் செய்தவர்கள் இல்லை. நான் செய்தேன். அவள்மேல் எனக்கு இருந்தது பொறாமை. அதற்கு வேறு கௌரவமான பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்று, பொறாமைக்காரியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அதனால் அவள் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது.

எங்களுடையது விசைத்தறிக் குடும்பம். மூத்தவர் வேதாச்சலம் என் வீட்டுக்காரர்; இளையவன் அருள்குமார். நான் இந்த வீட்டுக்கு வரும்போது பீரோ, கட்டில், காலால் மிதிக்கிற புதுத் தையல் மிஷின் எல்லாம் சீதனமாக வந்தன. வெங்கடலட்சுமி பிச்சாட்டூர்ப் பக்கம் கழனி வேலைக்குப் போகிற வீட்டுப் பெண். அருள்குமார் அவனாகவே பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தான். அவளோடு வந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு வெள்ளாடும்.

தொண்ணூற்று மூன்று, நான்கு வாக்கில் நூல் விலை கண்டபடி ஏறியது. தறிகள் பாதி நாள் ஓடாமல் நின்றன. தெருவில் இருந்த இளவட்டமெல்லாம் திருப்பூர், சென்னை என்று கிளம்பியது. அருள்குமார் பெங்களூரில் ஒரு தையல் கம்பெனிக்குப் போனான். போன ஆறாம் மாதமே மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டான். இவள் மலையப்பனுக்கு வேண்டிக்கொண்டாள். அவன் தேறி எழுந்ததும் இவள் தனியாகவே திருமலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு மொட்டைத் தலையோடு திரும்பினாள்.

சாமிக்கு முடியைக் கொடுத்தவள் சும்மா வந்தாளா என்றால் இல்லை. மறுவாரமே ஆட்டை விற்றாள். புத்தூரில் யாரோ ஓரமாகப் போட்டு வைத்திருந்த, கையால் சுற்றுகிற பழைய மிஷின் ஒன்றை வாங்கி வந்தாள். தறிக்காரர்கள் எடைக்குப் போடுகிற துண்டுத் துணிகளைப் பொறுக்கி வாங்கி, கஞ்சி போகத் துவைத்து, நிழலில் காயவைத்துத் தொப்பி தைத்தாள். மொட்டை போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்குகிற சனங்களுக்கு வெயிலில் தலை காந்துமாம். கீழே விற்கிற நைலான் தொப்பியைப் போட்டால் வேர்த்து, பூசின சந்தனமெல்லாம் நெற்றியில் வழியுமாம். நூல் துணியென்றால் உறிஞ்சிக்கொள்ளுமாம்.

அவளுடைய முதல் தொப்பிகளைப் பார்த்து, இதையும் ஒருத்தன் தலையில் வைப்பானா என்று நினைத்தேன். வைத்தார்கள். தினமும் காலை பஸ்ஸில் ஒரு கோணி மூட்டையோடு திருப்பதிக்குப் போவாள். சாயங்காலம் வெறும் கோணியோடு வருவாள். அந்த மடித்த கோணியை வாசல் கொடியில் உதறிப் போடுவாளே, அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

இரண்டு வருடத்தில் திருப்பதி பஸ் ஸ்டாண்டில், நாகேந்திரன் என்பவரின் பீடாக் கடையை ஒட்டி நிழலில் ஒரு இடம் பிடித்துவிட்டாள். தனியாகத் தைத்து மாளவில்லை. துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் மிஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்தேன். எப்படியும் என்னைத்தான் கேட்பாள், கொஞ்சம் பிகு செய்துவிட்டுச் சம்மதிக்கலாம் என்று இருந்தேன். அவள் அடுத்த தெரு பொன்னியம்மாவைச் சேர்த்துக்கொண்டாள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் கால் மிஷினோடு நான் இருக்கிறேன். அவள் தெரு தாண்டிப் போய் ஆள் பிடிக்கிறாள். அன்றைக்கு நான் சோறு ஆக்கவில்லை.

என் வீட்டுக்காரர் கேட்டார். "இன்னாத்துக்கு இப்டி மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற? அவ பொழப்ப அவ பாக்கறா."

"நானும் பாக்கறேன்," என்றேன்.

ஒரே மாதத்தில் இருநூறு தொப்பி தைத்தேன். துண்டுத் துணி இல்லை, நல்ல லுங்கித் துணி. ஓரத்தில் பட்டை வேறு. அவளுடையதைவிட அழகு என்று நானே பத்து தரம் சொல்லிக்கொண்டேன். அளவுக்கு யார் தலை என்றால், வீட்டில் இருந்த தலைதான். என் வீட்டுக்காரருக்கு அப்போது நல்ல சுருட்டை முடி, காக்கா கூடு மாதிரி அடர்த்தியாக இருக்கும். அந்தத் தலையைச் சுற்றி டேப் பிடித்து அளவெடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு நேர் எதிரே சாக்கை விரித்து உட்கார்ந்தேன். அவள் ஒரு தரம் என்னைப் பார்த்தாள். திருவள்ளூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, எட்டுப் பேர், எட்டும் மொட்டை, என்னிடம் வந்தது. பெரியவர் ஒரு தொப்பியை எடுத்துப் போட்டார். அது காதைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, மூக்கில் வந்து நின்றது. இன்னொன்று போட்டார். அதுவும் மூக்குக்கு வந்தது.

"இன்னாம்மா, இது தொப்பியா, தலகாணி உறையா?" என்று கழற்றி வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போனார். மற்ற ஏழு பேரும் பின்னாலேயே போனார்கள்.

மொட்டைத் தலைக்குத் தொப்பி தைக்க முடி உள்ள தலையில் அளவெடுத்தவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். மூன்று நாள் உட்கார்ந்தும் ஒன்றுகூட விற்கவில்லை. பழனி என்கிற பொரிகடலைக்காரன் மட்டும் ஒன்றை இரவல் வாங்கித் தன் படிக்கு மூடி போட்டுக்கொண்டான்.

நான்காம் நாள் வெங்கடலட்சுமி என் அறைக்கு வந்தாள். கேட்காமலே ஒரு தொப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"தையல் நல்லா கீதுக்கா. பின்னாண்ட ஒன்ற வெரல் மடிப்பு புடிச்சி அடிச்சா செரியாப் பூடும்."

"ஒன்றரை விரல்னு உனக்கு எப்டித் தெரியும்?"

"மலையிலேர்ந்து எறங்கனப்போ என் தலையத்தான் அளந்தேன். முடி மொளைக்க மொளைக்க மறுபடியும் அளந்துகினே இருந்தேன்."

இரண்டு நாள் என்னோடு உட்கார்ந்து மடிப்புப் பிடித்துக் கொடுத்தாள். நான் மிதித்தேன். இருந்த தொப்பியெல்லாம் சரியாகிவிட்டது. அவள் கை வேகமும் என் மிஷின் வேகமும் ஒத்துப்போனதைப் பார்த்ததும், பொறாமைக்கு நடுவிலும் எனக்கு ஓர் ஆசை வந்தது. இவளோடு சேர்ந்து இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் அந்த ஆசை. இரண்டு வருடமாக என் வயிற்றில் எரிந்தது அதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. அவள் வியாபாரம் செய்தது பெரிதில்லை. என்னை விட்டுவிட்டுச் செய்ததுதான் பொறுக்கவில்லை.

கடைசித் தொப்பியின் நூலைக் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டேன். "லட்சுமி, என்னியும் சேத்துக்கினா இன்னா? பொன்னியம்மாவுக்குக் குடுக்கறத எனக்குக் குடு."

அவள் தொப்பிகளைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நான் மொட்டையோட வந்த அன்னிக்கு, தெருப் புள்ளைங்கள எல்லாம் இஸ்துகினு வந்து என்னியக் காட்டி சிரிச்சீங்க. தேங்கா மூடின்னு பேரு வச்சீங்க. எனக்கு அது போனா போவுது. ஆனா நம்ம கடைக்கி வர்றவங்க எல்லாமே மொட்டைங்கதான். பொம்பளைங்க பாதிப் பேரு புடவைத் தலைப்ப இழுத்துகினு, கூச்சப்பட்டுகினுதான் வருவாங்க. உங்க மூஞ்சியப் பாத்தா அவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். கடைக்கு எந்தத் துணி ஆகும், எது ஆகாது என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு எழுந்து போனாள். நான் சிரித்ததும் உண்மை, பேர் வைத்ததும் உண்மை. அன்றைக்கு அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனதை நான் பார்த்தேன். அதுவும் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அதே இடத்தில் சாக்கை விரித்தேன். பதினொரு மணிக்கு மேல், மலை பஸ் வந்து நின்றதும் ஒரு பெண் இறங்கினாள். முப்பது வயது இருக்கும். புது மொட்டை, காதோரம் சந்தனம் திட்டுத் திட்டாக இருந்தது. தலைப்பைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி, எதிர்ப்பக்கம் கூட்டமாக இருந்ததால் என்னிடம் வந்தாள். "சின்னதா கீதா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "குனிம்மா," என்றேன். குனிந்தாள். தலைப்பை மெல்ல விலக்கிவிட்டு நானே தொப்பியைப் போட்டு, பின்பக்கம் இழுத்துச் சரிசெய்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அவள் நிமிர்ந்து, கையால் தடவிப் பார்த்துக்கொண்டு, தலைப்பைத் தோளில் விட்டுவிட்டாள்.

வெங்கடலட்சுமி பார்த்தாளா என்று சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பினேன். அவள் "ரண்டம்மா, ரண்டம்மா" என்று தெலுங்கில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.