கட் சொல்வது என் வேலை

நேற்று மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் என் இரண்டாவது படத்துக்கு ஒரு காட்சி எடுத்துக்கொண்டிருந்தோம். வெயில் நேரே முகத்தில் அடித்தது. வெளிச்சத்தை மட்டுப்படுத்தக் கட்டுகிற வெள்ளைத் துணி மதுரையிலிருந்து வந்து சேரவில்லை. உதவி இயக்குநர் கடைத்தெரு முழுக்க அலைந்துவிட்டு, மெடிக்கல் கடையில் இருந்த பேண்டேஜ் துணிச் சுருளையெல்லாம் வாங்கி வந்து, கொஞ்சம் வெட்கத்தோடு, "மேடம், இது ஆகுமா?" என்றார். சுருளைப் பிரித்ததும் பிளீச்சிங் வாசனை குப்பென்று வந்தது. நான் சிரித்துவிட்டேன். ஆகுமாவா? என் தொழிலே அந்த வாசனையில்தான் ஆரம்பித்தது.

அந்த வாசனைக்கு உங்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எனக்கு அம்மா ஞாபகம். எங்கள் வீடு ராஜபாளையத்தில். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வெளுத்துக் காயப்போடுகிற இடத்தில் அம்மா வேலை பார்த்தாள். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும் முன்பே வாசனை நுழைந்துவிடும். என் பாவாடை சட்டையிலும் அது ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவள், "ஒங்க வீட்ல யாருக்குடி அடிபட்டிருக்கு?" என்று கேட்பாள். நானும் சளைக்காமல் ஒரு கதை சொல்வேன். மாமா பனையிலிருந்து விழுந்தார், சித்தப்பாவை மாடு முட்டிவிட்டது. திரைக்கதை எழுதப் பழகியது அப்படித்தான் என்று பேட்டியில் சொல்ல ஆசை. இதுவரை யாரும் கேட்கவில்லை.

படிப்பு முடிந்ததும் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, புதுவீடு. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். நல்ல மனிதர்தான். ஆனால் கேமரா பக்கம் மட்டும் என்னை விடமாட்டார்.

"பொம்பளப் பிள்ள கேமராவத் தூக்கிட்டு மண்டபத்துல நின்னா, சனம் மாப்பிள்ளையப் பாக்காது தாயி, ஒன்னத்தான் பாக்கும்" என்பார்.

ஆகவே ஆண்கள் எடுத்து வந்ததை நான் வெட்டி ஒட்டினேன். தாலி கட்டும்போது யாரோ ஒரு மாமாவின் முதுகு குறுக்கே நிற்கும். பந்தியில் அப்பளம் மட்டும் துல்லியமாக விழுந்திருக்கும். ரோஜாப்பூவுக்குள்ளிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் மலர்ந்து வருகிற வித்தையை எத்தனை ஜோடிக்குச் செய்தேனோ, அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது.

கேமரா என் கைக்கு வந்தது ஒரு சடங்கு வீட்டால். பெண்ணின் அம்மா, ஆம்பள யாரும் கேமராவோடு உள்ளே வரக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். அண்ணாச்சி வேறு வழியில்லாமல் என்னை அனுப்பினார். அங்கேதான் ஜெபராணி அக்காவைப் பார்த்தேன். அந்த அம்மாவோடு நூல் மில்லில் வேலை பார்க்கிறவள். நல்ல கறுப்பு, நெடுநெடுவென்ற உயரம், சிரித்தால் ஈறு தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடகர் குழுவில் பாடுவாளாம். தட்டு வரிசையெல்லாம் முடிந்து பெண்கள் ஓய்ந்து உட்கார்ந்திருந்தபோது, "ஏட்டி, அந்த மில்லுப் பாட்டப் பாடேன்" என்று யாரோ கேட்டார்கள். அக்கா உட்கார்ந்த இடத்திலேயே பாடினாள்.

"இழை அறுந்தா நான் ஒட்டுவேன், என்
மனசறுந்தா யார் ஒட்டுவா?"

மில்லில் அக்காவின் வேலை அதுதான். ஓடுகிற மிஷின்களுக்கு நடுவே நாள் முழுக்க நடந்து, அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே போக வேண்டும். பாட்டின் தாளமே அந்த நடைதான். நான் சடங்குப் பெண்ணை விட்டுவிட்டு அக்காவை எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு அண்ணாச்சியிடம் வாங்கிய திட்டு தனிக் கதை.

"பாட்டு யாரு எழுதுனதுக்கா?" என்று கேட்டேன்.

"எழுதவெல்லாம் இல்ல. மிசினு சத்தம் போடும், நானும் சத்தம் போடுவேன். அம்புட்டுத்தான்."

இதை வீடியோ எடுத்தே தீர்வது என்று எனக்குள் ஒரு பேய் புகுந்தது. மில்லுக்குள் கேமராவை விடமாட்டார்கள். அம்மா வழி சொன்னாள். "எங்க காயப்போடுற பொட்டலுக்கு வா. ஞாயித்துக்கெழம மொதலாளி வரமாட்டாரு. பத்து மணிக்குள்ள எடுத்துட்டு ஓடிரணும்." அக்கா அன்றைக்கு ஆராதனைக்குப் போகவில்லை. "ஆண்டவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஐயருக்குத்தான் பதில் சொல்லணும்" என்றாள். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்.

கேமராவை வாங்க அண்ணாச்சியிடம் நான் சொன்ன பொய், மம்சாபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பொட்டல் முழுக்க நீள நீளமாய் வெள்ளைத் துணி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே அக்கா, மிஷின்களுக்கு நடுவே நடப்பதுபோலப் பாடிக்கொண்டே நடந்தாள். வெயில் அந்தத் துணிக்குள் நுழைந்து அவள் முகத்தில் விழுந்தபோது என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை விளக்கத் தெரியாது. பேண்டேஜ் துணியை வெளிச்சத்துக்குப் பயன்படுத்தலாம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அது தானாகவே அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

நாலு நிமிடப் பாட்டு. இணையத்தில் போட்டேன். முதல் வாரம் நானும் அக்காவும் மட்டுமே பார்த்தோம். பிறகு எப்படியோ மில் பெண்கள் போனுக்குப் போன் லிங்க் அனுப்ப ஆரம்பித்தார்கள். ஈரோடு, திண்டுக்கல் என்று எங்கெங்கோ ஓடியது. ஒருநாள் அண்ணாச்சி தன் போனை என் முன்னால் வைத்தார்.

"மம்சாபுரத்துல காதுகுத்துன்னியே. அந்தக் காது என் காதா?"

நான் தலையைக் குனிந்தேன். அவர் இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் குத்திருக்க" என்று எழுந்து போனார்.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு மியூசிக் கம்பெனி கூப்பிட்டது. பாட்டைப் பெரிதாக எடுப்போம், நீங்களே டைரக்டர் என்றார்கள். ஒப்பந்தம் பக்கம் பக்கமாக இங்கிலீஷில் இருந்தது. "நீதான படிச்சவ, பாத்துக்கோ" என்றாள் அக்கா. நான் படித்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பக்கங்களைத் திருப்பினேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்பு கம்பெனி மேனேஜர் போனில் சொன்னார்: "பாட்டு சூப்பர், வாய்ஸ் சூப்பர். முகத்த மட்டும் மாத்திக்கலாம் மேடம். மும்பையில இருந்து ஒரு பொண்ணு வருது. ரீச் ஆகணும்ல?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி சார்" என்றேன். எழுத இப்போதும் கை கூசுகிறது. டைரக்ஷன் என்று என் பெயர் வரும். அந்த ஆசையில் அக்காவிடம் வாயைத் திறக்கவில்லை.

மம்சாபுரம் போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பில் படப்பிடிப்பு. காலையிலேயே அக்கா மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினாள். மயில்கழுத்து நிறத்தில் புதுச் சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ. மேனேஜர் அவளிடம், "நீங்க கேமரா பக்கத்துல நின்னு வாயசைங்கம்மா. இவங்க பாத்துச் செய்வாங்க" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் மானிட்டரைப் பார்த்தேன். மானிட்டருக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொள்ளலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

மும்பைப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. தெரியாத மொழியில், அந்த வெயிலில், அவள் பாடுபட்டாள். இரண்டு டேக் போனது. மூன்றாவதில் ஸ்பீக்கரில் அக்காவின் குரல் "மனசறுந்தா" என்று ஏறியபோது, கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். தன் குரலுக்குத் தானே வாயசைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. கோபம் இருந்தது. அது என் மேல் என்று எனக்குத் தெரிந்தது.

"அண்ணே, கேமராவ இடது பக்கம் திருப்புங்க" என்றேன்.

"அங்க அந்த அக்கால்ல நிக்காங்க?" என்றார் கேமராமேன்.

"அவங்களத்தான்."

திருப்பினார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. நகரவில்லை. லென்ஸை நேருக்கு நேர் பார்த்துப் பாடினாள். மேனேஜர் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "கட்! கட்! என்ன பண்றீங்க?" கேமராமேன் என்னைப் பார்த்தார்.

"சார், கட் சொல்றது என் வேலை. நான் இன்னும் சொல்லல."

கம்பீரமாகச் சொன்னதாக நினைக்காதீர்கள். குரல் கீச்சென்றுதான் வந்தது. ஆனால் பாட்டு முடிகிறவரை கேமரா ஓடியது. கடைசி வரி அடங்கிய பிறகு நான்தான் "கட்" சொன்னேன்.

பத்தாவது நிமிடம் வேலையிலிருந்து தூக்கப்பட்டேன். எடுத்ததை என் கண் முன்னாலேயே அழித்தார்கள். மும்பைப் பெண்ணை வைத்து வேறொருவர் பாட்டை முடித்தார். டைரக்ஷன் என்று அவர் பெயர் வந்தது.

நாங்கள் ராஜபாளையம் பஸ்ஸில் திரும்பினோம். அக்கா எனக்கு நன்றி சொல்வாள் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் பாருங்கள்! பாதி வழியில்தான் பேசினாள்.

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"சொல்லிருந்தா நான் இந்தச் சேலையக் கட்டிட்டு வந்திருக்க மாட்டேம்லா?"

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் பேச்சில்லை. அண்ணாச்சி ஒன்றும் கேட்காமல் கேமராவை என் மேஜையில் வைத்து, "சோழபுரத்துல ஒரு கல்யாணம். நீயே போ. நெசக் கல்யாணந்தான்" என்றார். போனேன். ஒருநாள் ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, அக்கா ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றாள்.

"அன்னைக்கு ஒரு தடவ முழுசாப் பாட விட்டேல்லா, அதுக்காக வந்தேன். சேலைக்கு இன்னும் மன்னிக்கல." தலையில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, "அடுத்தது எப்ப எடுக்க?" என்றாள்.

அடுத்தது சினிமா. அக்காதான் நாயகி என்று கதையோடு சென்னையில் ஏறி இறங்கினேன். ஒரு தயாரிப்பாளர், "இந்த ரோலுக்கு முகம் வேணும்மா" என்றார். "முகம் இருக்கு சார். உங்களுக்குத்தான் பாக்கத் தெரியல" என்றேன். மூன்று பேர் கதவைச் சாத்தினார்கள். நாலாமவர் சாத்த மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். படம் வந்தது. பெரிதாக ஓடவில்லை. ஆனால் ராஜபாளையம் தியேட்டரில் பகல் காட்சிக்கு மில் பெண்கள் கூட்டமாக வந்து விசிலடித்தார்கள். அந்த விசிலை எந்த விருதுக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். எனக்கு யாரும் விருது கொடுக்க வரவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் பழைய வீடியோவைத் தேடாதீர்கள், கிடைக்காது. ஒப்பந்தப்படி பாட்டு கம்பெனியுடையதாம். அவர்கள் புகார் கொடுத்து எடுத்துவிட்டார்கள். ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் இருந்த பிரதி, அந்தக் கம்ப்யூட்டரோடு போயிற்று. ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அண்ணாச்சி கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். துணி காய்ந்த பொட்டலில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். அக்காவின் மில் மூடிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அந்த மியூசிக் கம்பெனியும் மூடிவிட்டது, புகார் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதே பாட்டை மறுபடி எடுக்கலாமே என்கிறார்கள் நண்பர்கள். மாட்டேன். அந்த நாலு நிமிடத்தில் அக்காவுக்கு இருபத்தாறு வயது. அதை இன்னொரு தடவை எடுக்க முடியாது.

போனவற்றில் ஒன்றுக்காக மட்டும் நான் துக்கப்படவில்லை. போனில் "சரி சார்" என்று சொன்னாளே ஒருத்தி, அவளும் இப்போது இல்லை.