கழுவிய முட்டையும் கோழிக்குஞ்சின் இரைப்பையும்

1. வாடை

இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. இருபத்து நான்கு முட்டைகளில் பத்தொன்பது கெட்டிருந்தன. இப்படிக் கெடுவது நான்காவது முறை.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆசிரியராக இருந்தேன். என்னிடம் ஆராய்ச்சி செய்த எஸ்தரின் உதவித்தொகை நீடிக்குமா என்பதை அடுத்த மாதக் கூட்டம் முடிவு செய்யும். அங்கே காட்ட ஒரு ஸ்லைடுகூட எங்களிடம் இல்லை.

துறைத்தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "என்ன வே, லேபுல கருவாடா காயப் போட்டிருக்கீரு? அந்தப் பிள்ளையப் பேசாம பி.எட். படிக்கச் சொல்லும்."

"அத முடிச்சிட்டுத்தான் சார் இங்க வந்தேன்" என்றாள் எஸ்தர்.

2. செய்ய நினைத்தது

கோழியின் இரைப்பையில் இரண்டு பகுதிகள். முன்பகுதி செரிமான நீரைச் சுரக்கும். பின்பகுதியான அரைவைப்பை தானியத்தை அரைக்கும். கருவில் இரண்டும் ஒரே குழாயிலிருந்துதான் உருவாகின்றன. எல்லாச் செல்களிலும் ஜீன்கள் ஒன்றே. அவற்றில் எது வேலை செய்ய வேண்டும் என்பதற்கான சமிக்ஞை, அந்தக் குழாயின் உட்படலத்தைச் சுற்றியுள்ள வெளித்திசுவிலிருந்து வருகிறது. வெளிநாடுகளில் இதைக் காட்டியிருந்தார்கள். நம் நாட்டுக்கோழியில் காட்டுவது எஸ்தரின் வேலை.

ஆறு நாள் கருவின் அரைவைப்பை உட்படலத்தைப் பிரித்து, முன்பகுதியின் வெளித்திசுவோடு சேர்ப்போம். அதை இன்னொரு முட்டைக்குள், ரத்தக்குழாய்கள் ஓடும் சவ்வின்மேல் வைத்து ஒன்பது நாள் வளர்ப்போம். அரைக்க வேண்டிய படலத்தில் சுரப்பிகள் தோன்றினால் வெற்றி.

கடையில் விற்கும் பண்ணை முட்டையில் கரு கிடையாது. ஆகவே அம்பாசமுத்திரம் சந்தையில் சுடலை அண்ணாச்சியிடம் நாட்டு முட்டைக்குச் சொல்லியிருந்தோம். கூடை பஸ்ஸில் வந்துவிடும்.

3. அம்பாசமுத்திரம்

மின்வெட்டு, கத்தி, உப்புக்கரைசல் என்று பதினொரு காரணங்களைச் சந்தேகித்துப் பதினொன்றையும் சோதித்துவிட்டேன். பன்னிரண்டாவதை எஸ்தர் சொன்னாள்.

"சார், எங்க வீட்டுக் கோழி முட்டையில எச்சமும் வைக்கோலுமா ஒட்டிக் கிடக்கும். இது என்ன, பீங்கான் மாதிரி மின்னுது?"

அன்றே இருவரும் பஸ் ஏறினோம். அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் பெருமையாகச் சிரித்தார்.

"காலேஜுக்குப் போற முட்டைய அப்படியேவா அனுப்புவேன்? வெந்நி வச்சு, சீயக்காய் போட்டு, ஒவ்வொண்ணா தேய்ச்சுல்லா அனுப்புதேன். படிச்சவங்க தொடுத பொருளு."

ஓட்டின்மேல் இயற்கையாக ஒரு மெல்லிய பூச்சு உண்டு. கிருமியைத் தடுப்பது அதுதான். மரியாதைக்காக அதையே தேய்த்து எடுத்துவிட்டிருக்கிறார். எஸ்தர் பையச் சொன்னாள்: "அண்ணாச்சி, இனிமே கழுவாதீங்க. கோழி இட்டபடியே வேணும்."

"அழுக்கோடயா?"

"அழுக்கு எங்க பாடு. துடைச்சுக்கிடுதோம்."

4. ஸ்லைடு

அடுத்த இருபத்து நான்கில் மூன்றுதான் கெட்டன. கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு எஸ்தர் முதல் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நான் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அரைவைப்பைப் படலத்தில் வரிசையாகச் சுரப்பிகள். எண்ணினேன்: ஏழு. எஸ்தர் எண்ணினாள்: எட்டு. ஓரத்தில் இருந்த ஒன்றை நான் விட்டிருந்தேன்.

துறைத்தலைவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "கூட்டத்துக்கு நானும் வாரேன் வே. இத நானே காட்டுதேன்" என்றார்.

"காட்டுங்க சார். ஆனா பேசுறது நான்" என்றாள் எஸ்தர். அவளே பேசினாள். உதவித்தொகை நீடித்தது, பின்னர் டாக்டர் பட்டமும் வந்தது.

இளையவர்களுக்குச் சொல்வது இதுதான்: சோதனை தோற்றால் லேபுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்காதீர்கள். பொருள் வந்த பாதையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பட்டம் வாங்கிய எஸ்தர் இனிப்போடு அம்பாசமுத்திரம் போனாள். அண்ணாச்சி லட்டைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னாராம்:

"இத்தன முட்டைய மெனக்கெட்டுக் கழுவினேன், ஒண்ணும் வெளங்கல. எச்சத்தோட குடுத்தேன், டாக்டர் ஆயிட்டியே தாயி."