திரும்பி வந்த டிரஸ்ஸிங் டேபிள்

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க பிள்ளைக்கு நீங்க என்ன செய்யணும்னு நினைக்கீங்களோ செய்ங்க." இந்த வாக்கியத்தைக் கண்டுபிடிச்ச ஆள் மட்டும் என் கையில கிடைச்சா, எண்பதாம் நம்பர் உப்புத்தாளை எடுத்து அவர் வாயை நல்லாத் தேய்ச்சு விடுவேன். என் கல்யாணத்துல, மும்பை பாண்டுப்ல இருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இதைத்தான் சொன்னாங்க. பத்து வருஷம் கழிச்சு என் தங்கச்சியைப் பார்க்க வந்த முலுண்ட்காரங்களும் ஒரு எழுத்து மாத்தாம இதையே சொன்னாங்க. கட்டில், பீரோ, டிரஸ்ஸிங் டேபிள், மிக்ஸி, குத்துவிளக்கு எல்லாம் வந்து இறங்கணும், ஆனா நாங்க கேட்டோம்னு யாரும் சொல்லிடக் கூடாது. அதுக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

என் சீர்ல போன டிரஸ்ஸிங் டேபிள் பாண்டுப் போன அன்னைக்கே என் நாத்தனார் ரூமுக்குள்ள போயிடுச்சு. "அங்கதாம்மா வெளிச்சம் நல்லா இருக்கு"ன்னாங்க மாமியார். அந்த வீட்ல இருந்த மூணு வருஷமும் நான் பாத்ரூம்ல, தண்ணி தெறிச்சுப் புள்ளி புள்ளியாப் போன கையகலக் கண்ணாடியிலதான் தலை வாரினேன். அந்தக் கதை முழுக்க இங்க வேண்டாம். என் புருஷன்னு இருந்தவனைப் பத்தி எழுத இன்னொரு தாள் செலவழிக்க எனக்கு மனசு இல்லை. ஒரு நாள் பையைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

ஊர்க்காரப் பெரியவங்க உட்கார்ந்து பேசி, சீர்ச் சாமானைத் திருப்பிக் கொடுக்கணும்னு முடிவாச்சு. கட்டிலும் பீரோவும் கதவு வழியா வெளிய வராதுன்னு அந்த வீட்ல சொன்னாங்களாம். உள்ள எப்படிப் போச்சுன்னு பெரியவங்க யாரும் கேட்கலை, தலையை ஆட்டிட்டு வந்துட்டாங்க. டிரஸ்ஸிங் டேபிள் மட்டும் ஒரு டெம்போல தாராவிக்கு வந்துச்சு. கண்ணாடி ஓரம் முழுக்க நாத்தனாரோட மெரூன் கலர் வெல்வெட் பொட்டு. எங்க சந்துல அதை இறக்கி வச்சதும் அத்தனை வாசல்லயும் ஆளுங்க வந்து நின்னாங்க. என் அத்தை, அப்பாவோட தங்கச்சி, எதிர் வீடு. முந்தானையை வாயில வச்சுக்கிட்டு, "தாலி கட்டிப் போன சாமான் இப்படித் திரும்பி வரப்படாது பாத்துக்கோ"ன்னு எங்க அம்மா கிட்ட சொன்னா. நான் பக்கத்துலதான் நின்னேன். சாமான்னு அவ சொன்னது டேபிளை மட்டும் இல்லைன்னு எனக்கு விளங்காமலா இருக்கும்.

அன்னையில இருந்து எங்க வீட்ல அதுக்குப் பேரு 'அது'. அப்பா போன பிறகு, எனக்கு செம்பூர்ல ஒரு பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல வேலை கிடைச்சு, நாங்க மூணு பேரும் செம்பூருக்கு வாடகைக்கு வந்தோம். 'அது'வும் வந்துச்சு. அம்மா கண்ணாடியைப் பழைய பெட்ஷீட்டால மூடி, சுவத்தைப் பார்த்துத் திருப்பி, மேல அரிசி மூட்டையை ஏத்தி வச்சுட்டா.

தங்கச்சிக்குத் தை மாசம் மாட்டுங்கா ஹால்ல கல்யாணம்னு முடிவானதும் அம்மா லிஸ்ட் போட ஆரம்பிச்சா. டிரஸ்ஸிங் டேபிள்னு எழுதும்போது நான் சொன்னேன்: "அது வாங்க வேண்டாம். நம்மகிட்ட இருக்கு. நானே சுரண்டி பெயிண்ட் அடிச்சுத் தரேன்."

"ஏட்டி, உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"ன்னா அம்மா. "கல்யாணப் பிள்ளைக்கு அதையா கொடுப்பாவ?"

வெளிப்படையாவே சொல்லிடறேன், சிக்கனம் எல்லாம் காரணம் இல்லை. அது ராசியில்லாத சாமான்னா நானும் ராசியில்லாதவதான். அது என் தங்கச்சி வீட்டுக்குப் போகணும், அவ தினம் அது முன்னாடி உட்கார்ந்து தலை வாரணும், அவளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது, அதை இவங்க எல்லாரும் கண்ணால பார்க்கணும். ஏழு வருஷமா என் முதுகுக்குப் பின்னாடி உச்சுக் கொட்டினவங்களுக்கு வேற எப்படிப் பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை.

தங்கச்சி போன்ல இருந்து தலையைத் தூக்கலை. "எனக்கு ஓகேக்கா. வெள்ளையா இருந்தா நல்லா இருக்கும்"னு சொல்லி ஒரு வீடியோவைக் காட்டினா. அதுல ஒரு பொண்ணு, நகப்பூச்சு கூடக் கலையாம, இருபது செகண்ட்ல ஒரு அலமாரிக்கு வெள்ளை அடிச்சு, மேல பூந்தொட்டியும் வச்சுட்டு, கைதட்டி ஆடிட்டுப் போயிட்டா. அவ முகத்துல ஒரு பொட்டுத் தூசி இல்லை. தும்மல் இல்லை. மாமியாரும் இல்லை போல.

ஐப்பசி வெயில்ல, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை, வாசல் பாஸேஜ்ல உட்கார்ந்து தேய்ச்சேன். எங்க பில்டிங் சொசைட்டி செக்ரட்டரி ரெண்டு தடவை வந்து, தூசி பறக்குது, இது காமன் ஏரியான்னு சட்டம் பேசினார். அவரோட உடைஞ்ச சைக்கிள் அதே பாஸேஜ்ல எத்தனையோ வருஷமாத் துருப்பிடிச்சு நிக்குது, அது காமன் ஏரியாவுக்கு அழகு போல. நான் வாயில துப்பட்டாவைக் கட்டிக்கிட்டு, காது கேட்காதவ மாதிரி தேய்ச்சுக்கிட்டே இருந்தேன்.

முதல் வேலை பொட்டு. பிளேடை வச்சு ஒவ்வொண்ணாச் சுரண்டினேன். பசை காஞ்சு கல்லாப் போயிருந்துச்சு. என் கண்ணாடியில தினம் ஒரு பொட்டு ஒட்டிட்டுத் தூங்கப் போயிருக்கா மகராசி, ஒரு நாள் கூட எடுத்துக் குப்பையில போடத் தோணலை. எடுத்ததை எல்லாம் பழைய பேப்பர்ல மடிச்சு, ஆசையாக் குப்பையில போட்டேன்.

அடுத்து மரம். மேல இருந்த பிரவுன் பாலிஷைத் தேய்க்கத் தேய்க்க உள்ள இருந்து பச்சை வந்துச்சு. ஆஸ்பத்திரிச் சுவர்ல அடிப்பாங்களே, அந்தப் பச்சை. அதையும் தேய்ச்சா அடியில கருப்பேறின இன்னொரு பாலிஷ். எனக்கு ஒண்ணும் புரியலை. என் கல்யாணத்துக்காக ஆசாரிகிட்டச் சொல்லிப் புதுசாச் செஞ்சதுன்னு அப்பா தாராவி முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்சார். புதுச் சாமானுக்கு ஏது மூணு தோல்? அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அம்மா பச்சையை விரலால தடவிப் பார்த்தா. அப்புறம், "சோர் பஜார்ல பழசா வாங்கிட்டு வந்தாவ உங்க அப்பா"ன்னா. "யாரோ பார்ஸிக் கிழவி வீட்டுச் சாமானாம். மேல பாலிஷ் போட்டுப் புதுசுன்னு சொன்னாவ. நானும் சொன்னேன்."

அப்பா லேத் பட்டறையில நாள் முழுக்க நின்னு வேலை பார்த்தவர். என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லைன்னு நினைச்சுட்டு இருந்தேன். கோபம் வரலை, சிரிப்புத்தான் வந்துச்சு. நான் இப்ப செய்யற தில்லுமுல்லை அவர் பத்து வருஷம் முன்னாடியே செஞ்சு முடிச்சிருக்கார்.

"அப்ப இது யாரோட ராசிம்மா?"ன்னு கேட்டேன்.

அம்மா அதை நிஜமாவே யோசிச்சா. "அந்தக் கிழவி தொண்ணூறு வயசு வரைக்கும் நல்லா இருந்தாளாம். அவ ராசி நல்ல ராசிதான். பாண்டுப்ல போய்த்தான் கெட்டுப்போச்சு."

"அப்ப நான்?"

குக்கர் விசில் அடிக்குதுன்னு சொல்லிட்டு அம்மா உள்ள போயிட்டா. விசில் எல்லாம் அடிக்கலை.

வெள்ளை அடிச்சதைச் சொல்லணும். வீடியோக்காரி மாதிரியே நேரா மரத்து மேல வெள்ளை அடிச்சேன். மறுநாள் பார்த்தா அங்கங்க மஞ்சள் மஞ்சளாக் கறை. இன்னொரு கோட் அடிச்சேன், அதையும் தாண்டி வந்துச்சு. அன்னைக்குப் பார்த்து அத்தை தாராவியில இருந்து வந்திருந்தா, அவளுக்கு இதை எல்லாம் யாரோ மோப்பம் பிடிச்சுச் சொல்லுவாங்க. "மரமே ஒத்துக்க மாட்டேங்கு, பாத்தியா"ன்னா. அவ முகத்துல இருந்த திருப்தியைப் பார்க்கணுமே. நான் பிரஷ்ஷைக் கீழ வச்சுட்டு ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடைக்கார சேட் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாகவான், தேக்கு மேலே நேரா வெள்ளையா? கிஸ்னே போலா, யார் சொன்னது?"

"மொபைல்" என்றேன்.

சேட் அவ்வளவு சந்தோஷமாச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. தேக்குல எண்ணெய் இருக்கு, அது மேல வந்துக்கிட்டேதான் இருக்கும், முதல்ல அரக்கு பாலிஷ் ஒரு கோட் போட்டு அதை அடைக்கணும், அப்புறம்தான் வெள்ளைன்னு சொல்லி ஒரு பாட்டிலைத் தூக்கி வச்சார். ராசி, ராசின்னு எங்க அத்தை முந்தானையை வாயில வச்ச விஷயம் ஒரு பாட்டில்ல அடங்கிப்போச்சு. முதல்ல இருந்து எல்லாத்தையும் தேய்ச்சேன். இழுப்பறையை உருவாமலே பெயிண்ட் அடிச்சு, அது ஒட்டிக்கிட்டு, கரண்டியால நெம்பி ஒரு ஓரம் பேர்ந்தது என் சொந்த முட்டாள்தனம், அதுக்கு அத்தையைக் குறை சொல்ல முடியாது. மேல் பலகையை மட்டும் மர நிறத்துலயே விட்டுட்டேன். அதுக்கு வெள்ளை அடிக்க எனக்குக் கை வரலை. மார்கழி முடியறதுக்குள்ள அது அவ்வளவு அழகா நின்னுச்சு. நான் செஞ்சதுங்கறதுக்காகச் சொல்லலை, நிஜமாவே அழகு.

பொங்கலுக்கு அடுத்த வாரம் மாப்பிள்ளையோட அம்மா சீர்ச் சாமான் பார்க்க வந்தாங்க. ஒண்ணும் வேண்டாதவங்க, வந்து ஒவ்வொண்ணாத் தொட்டுப் பார்த்தாங்க. டிரஸ்ஸிங் டேபிள்கிட்ட வந்ததும் மேல் பலகையைத் தடவி, "இது எங்க எடுத்தீங்க?"ன்னாங்க.

"மாட்டுங்காவுல ஒரு ஷோரூம்ல..."ன்னு அம்மா ஆரம்பிச்சா.

"என் கல்யாணத்துக்குக் கொடுத்த சீர்" என்றேன். "திரும்பி வந்துச்சு. நான்தான் பெயிண்ட் அடிச்சேன்."

அம்மா கையில இருந்த காபி தட்டுல கொட்டுச்சு. வர்ற வார்த்தைக்கெல்லாம் நான் பதில் தயாரா வச்சிருந்தேன், ஒரு மாசமா வேலைக்கு நடந்து போகும்போதும் வரும்போதும் மனசுக்குள்ள திட்டிப் பழகினது. அந்தம்மா என்னை ஒரு தடவை பார்த்தாங்க. "அதுக்கென்னம்மா, நல்ல மரம். இதெல்லாம் இப்ப யாரு பாக்கா"ன்னு சொல்லிட்டு மிக்ஸிப் பக்கம் போயிட்டாங்க. ஜெயிச்சுட்டோம்னு நினைச்சேன். அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் டெம்போ வந்துச்சு. கட்டில் ஏறியாச்சு, பீரோ ஏறியாச்சு. ரெண்டு பேரு டிரஸ்ஸிங் டேபிளைத் தூக்கினாங்க. ரெண்டு கையிலயும் ஈர மருதாணியோட தங்கச்சி உள்ள இருந்து வந்து, "அண்ணே, அதை மட்டும் விட்டுடுங்க"ன்னா.

"ஏன்?"னு கேட்டேன்.

"உன் மேல ஒண்ணும் இல்லக்கா. சத்தியமா இல்ல." அவளுக்கு அழுகை வந்துடுச்சு, மருதாணிக் கையால துடைக்கவும் முடியலை. "எனக்குப் பயமா இருக்குக்கா. தினம் நான்தானே அது முன்னாடி உட்காரணும்."

அத்தை அங்கதான் நின்னா, ஒரு வார்த்தை பேசலை. பேசியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். அத்தையைத் திட்டலாம், பாண்டுப்காரங்களைத் திட்டலாம், முலுண்ட்காரங்களைக் கூடத் திட்டலாம். இவளை என்ன சொல்றது? என் முந்தானையால அவ கண்ணைத் துடைச்சு விட்டேன். அப்பதான் உறைச்சுச்சு. மூணு மாசமா இவகிட்ட, உனக்கு இது வேணுமாடின்னு நான் கேட்கவே இல்லை. போனைப் பார்த்துக்கிட்டே சொன்ன ஒரு 'ஓகே'வை எடுத்துக்கிட்டு, இவ கல்யாணத்துல என் வழக்கை நடத்திட்டு இருந்திருக்கேன். ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் இளக்காரமாப் பார்த்தவ நான். அன்னைக்கு என்னைப் பார்க்கத்தான் எனக்கு இளக்காரமா இருந்துச்சு.

டேபிளை மறுபடி உள்ள கொண்டு போகச் சொன்னேன். பழைய இடத்துல வைக்கலை. ஜன்னல் பக்கம், என் படுக்கைக்குப் பக்கத்துல, நல்லா வெளிச்சம் விழற இடத்துல வைக்கச் சொன்னேன். மறுநாள் அங்க உட்கார்ந்துதான் பட்டுப்புடவைக்கு ஊக்கு குத்தி, மாட்டுங்காவுல வாங்கின பூவை வச்சுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போனேன்.

தங்கச்சி புருஷன் ஆன்லைன்ல புதுசு ஒண்ணு வரவழைச்சான். அட்டைப்பெட்டியில துண்டு துண்டா வரும், நாமே திருகிச் சேர்த்துக்கணும். மரத்தூளை அமுக்கிப் பலகைன்னு பேரு வச்ச சாமான். முதல் மழைக்கே ஊதி, இழுப்பறை அடி கழண்டு விழுந்துடுச்சு.

ஆவணியில ஒரு சாயங்காலம் போன் பண்ணினா. "அக்கா, அது இன்னும் இருக்கா?"

"எது?"

"அதான், நீ பெயிண்ட் அடிச்சது. இப்ப எனக்குப் பயமெல்லாம் இல்லக்கா. அதை நினைச்சா எனக்கே வெக்கமா இருக்கு. இவர் டெம்போ அனுப்பறேங்கிறார். எடுத்துக்கட்டுமா?"

தை மாசம் இந்த ஒரு வார்த்தைக்காக நான் என்ன வேணும்னாலும் கொடுத்திருப்பேன். ஒரு கையில போன், ஒரு கையில சீப்பு, நான் அது முன்னாடிதான் உட்கார்ந்திருந்தேன்.

"இருக்கு. ஆனா தரமாட்டேன்டி. ஞாயித்துக்கிழமை வா, இங்க உட்கார்ந்து தலை வாரிட்டுப் போ" என்றேன்.

அந்தப் பக்கம் அவ சிரிச்சா. வரேன்னா.

அம்மா அடுக்களையில இருந்து எல்லாத்தையும் கேட்டுட்டு, "சின்னவ ஆசையாக் கேக்கா, கொடுத்தா என்ன? அது உனக்கு எதுக்குட்டி?"ன்னா.

"தலை வாரத்தான்" என்றேன்.