போட்டு வாறன், அக்கா

மடு மாதாவாணை, இதில் ஒரு சொல்லும் நான் கூட்டிச் சொல்லவில்லை. பேய் என்றால் விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள் நான். போன மாசி மாதம் வரைக்கும் சிரித்தேன்.

மன்னார் பட்டினத்தில் பழைய வீடொன்றை ஓவியக்கூடமாக்கித் திறந்திருந்தார்கள். படம் என்றால் எனக்குப் பைத்தியம். வேப்பமர நிழலில் ஓட்டோவை நிறுத்தி, எங்கள் நாலு மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் கணவர் றெனால்ட் வெளியே இருந்துவிட்டார்.

"கெதியா வா அன்ரோனெற். எழும்பினால் பாலுக்குக் கத்துவாள்."

"பத்து நிமிசம். ஓடி வாறன்."

பின்னேரம் மூன்று மணி. உள்ளே ஒருவரும் இல்லை. முன் அறையில் மீன் சந்தைக் கழுதைகளின் படங்கள். நாங்கள் நாள்தோறும் கல்லெறிந்து கலைக்கிற கழுதைக்கு இவ்வளவு வடிவா என்று நின்று பார்த்தேன். ஆனால் உள்ளறையில்தான் என் படம் இருந்தது. கண்டவுடனேயே அது என் படமாகிவிட்டது. கடலைப் பார்த்த வாசல். அதில் முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். பக்கத்தில் சேலையில் கட்டிய ஏணை. அதற்குள் பிள்ளை இல்லை.

பெற்றவள் அல்லவா, அந்த வெறும் ஏணையையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"போட்டு வாறன், அக்கா."

எங்கள் பக்கத்தில் யாரும் 'போறன்' என்று சொல்லிப் படியிறங்குவதில்லை. போறன் என்றால் திரும்பி வராத போக்கு; 'போட்டு வாறன்' என்றால் போய்விட்டுத் திரும்பி வருவேன் என்ற வாக்கு. அந்தப் பழக்கத்தில் படத்துக்கும் சொல்லிவிட்டேன்.

கதவைத் தாண்டினேன். முன்னால் அதே உள்ளறை. அதே படம்.

"விசரி" என்று என்னையே ஏசிக்கொண்டு மறுபடியும் தாண்டினேன். அதே அறை. ஆனால் படத்தில் இப்போது வாசல் மட்டும் இருந்தது. பெண் இல்லை. சுவரிலிருந்து கதவுவரை ஈரக் காலடிகள்.

ஓடினேன். அதே அறை. "இஞ்சேருங்கோ!" என்று றெனால்டைக் கூப்பிட்டுக் கத்தினேன். என் குரல் கதவைத் தாண்டவில்லை.

வெளியே பிள்ளை அழுதாள்... என் பிள்ளை. மார்பு கட்டி வலித்தது. சட்டை பாலில் நனைந்தது.

அழுகை சட்டென்று நின்றது.

படத்துக்குள் ஏணை ஆடியது.

கிறீச்... கிறீச்...

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாறன் என்று வாக்குக் கொடுத்தவளை எந்தக் கதவு விடும்?

"நான் போறன்! இனி வரமாட்டன்... போறன்!"

வெயில் தெரிந்தது. விழுந்தடித்து வெளியே ஓடினேன். பிள்ளை அவர் மடியில் நித்திரை.

"தாங்கோ அவளை. பால் குடுக்க வேணும்."

றெனால்ட் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "என்னப்பா, இப்பதானே வந்து குடுத்திட்டு உள்ள போனனீ?"

பிள்ளையின் வயிறு நிரம்பியிருந்தது. உதட்டோரம் முத்தமிட்டேன்.

கடல் உப்பு.

"நான்... ஏதும் கதைச்சனானோ?"

"என்னோட கதைக்கேல்ல. பிள்ளையின்ர காதுக்குள்ளதான் சொன்னனீ. 'போட்டு வாறன்' எண்டு."