கழுத்துக் கட்டிக்கு ஆளுக்கொரு காரணம்

எழுபதுகளின் நடுவில் நான் பாடியில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். மதியச் சாப்பாட்டின்போது எதிரே உட்கார்ந்திருந்தவள்தான் அதை முதலில் பார்த்தாள். என் தொண்டைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி, தண்ணீர் விழுங்கும்போதெல்லாம் ஏறி இறங்கியது. வலி இல்லை.

வலி இல்லாததால் ஆளுக்கொரு காரணம் சொல்ல வசதியாகப் போயிற்று. முட்டைக்கோஸ் என்றார் மாமியார். திருமுல்லைவாயில் கிணற்றுத் தண்ணீர் என்றார் என் கணவர். பக்கத்து வீட்டுக்காரி, "நாள் பூரா கத்திகினே கீறியே, கழுத்து வீங்காம இன்னாமா பண்ணும்?" என்றாள். கத்த வைத்ததே இவர்கள்தான். முட்டைக்கோஸை நிறுத்தி, தண்ணீரைக் காய்ச்சி, வாயை மூடிக்கொண்டு, பற்றுப் போட்டு நான்கு மாதம் போனது. கட்டிதான் வளர்ந்தது.

கடைசியில் அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் எச்சில் விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். தைராய்டு சுரப்பியில் கட்டி, எடுத்துப் பார்த்தால்தான் புற்றா என்று தெரியும் என்றார். "சின்ன வயசுல தலைக்கோ கழுத்துக்கோ எக்ஸ்ரே வச்சு வைத்தியம் பண்ணாங்களா?" என்றும் கேட்டார். இல்லை என்றேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வருகையில் ரயில் அம்பத்தூரைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நாலு வயசுல ஒனக்கு தலையெல்லாம் படை. முடி கொட்டிப் பூட்சி. ஆஸ்பத்திரில மிஷின் வச்சி இன்னாவோ வெளிச்சம் காட்னாங்கோ."

"இத்த அங்கியே சொல்றதுக்கு இன்னா?"

"என்னியத்தான திட்டுவாங்கோ."

பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். மறுநாளும் லீவு போட்டு அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் திட்டவில்லை. "அது காரணமா இருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது. அப்போ அதை நல்ல வைத்தியம்னு நம்பித்தான் செஞ்சாங்க. பொம்பளைங்களுக்குத்தான் இது அதிகமா வருது, ஏன்னு எங்களுக்கே தெரியலை" என்றார். பிறகு, "வேற யாருக்காவது அந்த வைத்தியம் பண்ணீங்களா?" என்றார்.

"பெரியவளுக்கும்" என்றாள் அம்மா. அதையும் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

அக்கா நெமிலிச்சேரியில் இருந்தாள். "வலிக்கவே இல்ல, நான் எதுக்கு வரணும்?" என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது எனக்கு, அலைந்தவளும் நான். மூன்றாம் தடவை அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு என்னோடு கிளம்பும்வரை வாசலைவிட்டு நகரவில்லை. நல்லவேளை, அவள் கழுத்தில் ஒன்றுமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை காட்டச் சொன்னார்கள்.

எனக்கு வந்தது புற்றுதான். சுரப்பியைவிட்டு வெளியே பரவவில்லை. சுரப்பியை எடுத்துவிட்டார்கள்; அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு மாத்திரை.

ஆஸ்பத்திரியில் அம்மா கஞ்சி ஊட்டும்போதெல்லாம், "நல்லதுன்னுதான காட்னேன்" என்று ஆரம்பிப்பாள். நாலாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"கஞ்சில உப்பே இல்ல. திட்னா அதுக்குத்தான் திட்டுவேன்" என்றேன், தையல் போட்ட கழுத்தோடு.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே உப்புக் கேட்கப் போனாள்.