இருபது நிமிஷம்தான் ஆச்சுங்க

போன வியாழக்கிழமை ஒரு திருட்டைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மனுஷ புத்தி... வேறென்ன சொல்ல?

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரி. அதன் வரலாற்றுத் துறையில் புதிதாக ஒரு இன்டர்ன்ஷிப் தொடங்கியிருக்கிறார்கள். கிரிவலப் பாதையில் கிணற்றடி, குளக்கரை என்று எழுத்து வெட்டிய பழைய கற்கள் கிடக்கின்றன அல்லவா? மாணவிகள் அவற்றை செல்போனில் படம் எடுத்து, எழுத்தைப் படித்து டைப் செய்து, மேப்பில் இடம் குறித்து, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் ஏற்ற வேண்டும். இதற்கு 'டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்' என்று பெயராம். மணிக்கணக்குப் பார்த்து சம்பளமும் உண்டு.

அந்தச் சம்பளத்தில்தான் எனக்கும் பேராசிரியை வளர்மதிக்கும் முட்டிக்கொண்டது. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் என்ற மரியாதைக்காக என்னையும் கமிட்டியில் போட்டிருந்தார்கள். சும்மா இருந்தேனா?

"படிக்கிற பசங்களுக்கு சர்டிஃபிகேட் போதாதா மேடம்? காசைக் காட்டினா அக்கறை போயிடும். பத்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம்னு எழுதுவாங்க" என்றேன்.

"சும்மா செய்னு சொன்னா வசதி இருக்கிற பிள்ளைங்கதான் சார் வரும். எழிலரசி வருமா?"

எழிலரசி அடி அண்ணாமலைப் பெண். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் குடும்பம். வகுப்பு முடிந்ததும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு செல்போன் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், இந்தச் சம்பளத்தை நம்பித்தான் கடையை விட்டாள். கல்லெழுத்துப் படிப்பதில் அந்த பேட்ச்சிலேயே அவளை அடிக்க ஆளில்லை என்றார் வளர்மதி. கமிட்டி கையை விரித்தால், மறுநாளே அவள் பில் மெஷின் முன்னால்தான்.

கடைசியில், ஆறு வாரம் சோதனை ஓட்டம், பிறகு நேரக் கணக்கைப் பார்த்து முடிவு என்று ஆயிற்று. கணக்குப் பார்க்கும் வேலை யாருக்கு? வாயைக் கொடுத்தவனுக்குத்தான்!

ஆறாவது வார வியாழக்கிழமை, கணக்குப் பார்க்க வேங்கிக்காலில் என் வீட்டில் லேப்டாப்பைத் திறந்தேன். எழிலரசியும் அவளுடைய ஜோடி நசீமாவும் — இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்புவார்கள் — அன்று அவர்கள் பங்குக்கு வந்த ஒரே கல்லை இரண்டு முறை படம் எடுத்திருந்தார்கள். முதல் படம் காலை ஆறு இருபதுக்கு. அடுத்தது பத்து ஐந்துக்கு. ஒரு கல்லுக்கு மூன்றே முக்கால் மணி நேரமா? நான் சிரித்தது அப்போதுதான்.

நேர ஷீட்டைத் திறந்தேன். 'வேலை நேரம்: இருபது நிமிடம்.'

சிரிப்பு நின்றுவிட்டது. கம்மியாக எழுதி ஏமாற்றுகிறவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் துறைக்குப் போய் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டேன். எழிலரசி தயங்கினாள். நசீமாதான் ஆரம்பித்தாள். மூன்று தலைமுறையாக டவுனில் பூட்டு சாவிக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். பேச்சு படபடவென்று வரும்.

"போட்டோ எடுத்துட்டு கொஞ்ச தூரம் போயிட்டோம் சார். எழில் ஜூம் பண்ணிப் பாத்துச்சு. கல்லு அடியில மண்ணு மூடிக்கினு, கடைசி வரி விழவே இல்ல."

"எவ்ளோ தூரம் போயிருந்தீங்க?"

"எரநூறு அடி இருக்கும்."

"திரும்பிப் போய் எடுக்க வேண்டியதுதானே?"

கூடாத வார்த்தை ஏதோ சொல்லிவிட்டதுபோல எழிலரசி என்னைப் பார்த்தாள். "கோபுரத்தாண்ட கற்பூரம் ஏத்திட்டு, செருப்பு இல்லாம கிளம்பினேங்க. வலம்னு கால எடுத்து வெச்சாச்சு. பாதியில எப்படிங்க திரும்புறது?"

ஆக, சுற்றி வந்திருக்கிறார்கள். மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, பாதை முழுக்க நடந்து, கோபுரத்தைத் தாண்டி, மறுபடியும் அந்தக் கல். பதினான்கு கிலோமீட்டர்... இருநூறு அடிக்கு!

"நீ போய் எடுத்திருக்கலாமேம்மா?" என்றேன் நசீமாவிடம்.

"போலாம்னுதான் பாத்தேன் சார். இது தனியா வெறுங்கால்ல போவுது... எப்படி வுடுறது? பேசிக்கினே நானும் நடந்துட்டேன்."

"சரி, நடந்த நேரத்தையும் சேத்து எழுத வேண்டியதுதானே?"

எழிலரசி தலையை ஆட்டினாள். "நடந்தது எனக்காகங்க. கல்லுக்கு இருபது நிமிஷம்தான் ஆச்சுங்க."

படத்தைக் காட்டச் சொன்னேன்.

அந்தக் கடைசி வரியைக் காட்டினார்கள். மண்ணைக் கையால் தள்ளிவிட்டு, நசீமா தன் கைப்பைக் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் சாய்த்து அடிக்க, எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கின்றன. மேல் வரிகளில் கிணறும் தொட்டியும் உண்டு. கொடுத்தவர் பெயர் இல்லை. அது கடைசி வரியில் இருக்கிறது — பச்சையம்மாள். அந்தக் கல்லின் மேல் பையை வைத்துவிட்டு எத்தனை பௌர்ணமிக்கு டீ குடித்திருக்கிறேன்! அதற்குள் ஒருத்தி இருந்தது எனக்குத் தெரியாது. இனி அந்தப் பெயரைத் தட்டினால், உலகத்தின் எந்த மூலையிலும் அவள் வெட்டிய கிணறு வந்து நிற்கும்.

காசு கொடுத்தால் அக்கறை போய்விடும் என்றேனே? கூலி என்று ஒன்று இருந்ததால்தானே எது வேலை, எது தன்னுடையது என்று அந்தப் பெண் அத்தனை சுத்தமாகப் பிரித்து வைத்தாள்? சும்மா செய்யச் சொல்லியிருந்தால் அவள் செல்போன் கடையிலேயே இருந்திருப்பாள். பச்சையம்மாள் மண்ணுக்குள்ளேயே இருந்திருப்பாள்.

திங்கட்கிழமை கமிட்டி கூடியது. 'சம்பளத்தோடு தொடரலாம்' என்ற தாளில் முதல் கையெழுத்து என்னுடையது. வளர்மதி சிரித்தார், அவ்வளவுதான்.

எழுந்திருக்கும் நேரத்தில் ஆபீஸ் கிளார்க் இன்னொரு தாளை நீட்டினார். "சார், உங்க பயணப்படி பில். இதுலயும் ஒரு சைன்." நானே எழுதிக் கொடுத்ததுதான் — வேங்கிக்கால் டு கல்லூரி, போகவர ஆட்டோ.

ஆட்டோவா? ஆறு வாரமும் டவுன் பஸ்ஸில்தானே வந்தேன்!

வாங்கிக் கிழித்துவிட்டு, வேறு பில் எழுதினேன்.